ஏர் ரைபிளில் குறி ஓடுகிறதா? ஸ்கோப்பைக் குறை சொல்லும் முன் பார்க்க வேண்டியவை

காரைக்குடியை அடுத்த புதுவயல் பக்கத்திலிருந்து ஒருவர் கேட்டிருக்கிறார். ஒன்பதாவது படிக்கும் மகனுக்காக .177 போர் (அதாவது .177 அங்குலக் குழல் துளை) ஸ்பிரிங் ஏர் ரைபிள் ஒன்று வாங்கினாராம். கூடவே ஒரு 4×32 ஸ்கோப்பும் (நாலு மடங்குப் பெருக்கம், 32 மில்லிமீட்டர் முன் லென்ஸ்) வந்ததாம். முதல் நாள் ஒரே இடத்தில் விழுந்த ரவை (ஈயக் குண்டு), இப்போது ஒரு நேரம் இடப்பக்கம், ஒரு நேரம் கீழே என்று அதன் இஷ்டத்துக்கு விழுகிறதாம். "பேசாமல் சிவப்பு பச்சை விளக்கு எரிகிற 3-9×40 ஒன்று வாங்கிவிடட்டுமா?" என்பது முதல் கேள்வி. பையன் 10 மீட்டர் ஏர் ரைபிள் போட்டிக்குப் போக ஆசைப்படுகிறான், அதற்கு எந்த ஸ்கோப் நல்லது என்பது இரண்டாவது. தனக்கு ஐம்பதை நெருங்குகிறது, ஓபன் சைட் (துப்பாக்கியிலேயே இருக்கும், லென்ஸ் இல்லாத குறிக்காட்டி) மங்கலாகத் தெரிகிறது, என்ன செய்யலாம் என்பது மூன்றாவது. ஐயா ரங்கூனிலிருந்து கொண்டுவந்த பைனாகுலருக்குள் வெள்ளையாக வலை படர்ந்திருக்கிறது, எதைப் போட்டுத் துடைப்பது என்பது கடைசி.

சுருக்கமான பதில்: இப்போதைக்குப் புது ஸ்கோப் வேண்டாம். நீங்கள் சொல்லும் போட்டியில் ஸ்கோப்புக்கே இடமில்லை. உங்கள் கண்ணுக்கு வழி இருக்கிறது. பைனாகுலரை எதையும் போட்டுத் துடைக்காதீர்கள். இனி ஒவ்வொன்றாக.

ஸ்பிரிங் துப்பாக்கியின் உதை மற்றத் துப்பாக்கிகளின் உதை போன்றதில்லை. விசையை இழுத்ததும் உள்ளே இருக்கும் கனமான பிஸ்டன் முன்னால் பாய்கிறது. அந்த வேகத்தில் துப்பாக்கி பின்னால் நகர்கிறது. பிஸ்டன் அறையின் முனைக்குப் போய் நின்றதும் துப்பாக்கி மொத்தமும் முன்னால் வெட்டி இழுக்கிறது. இரண்டும் கண் இமைக்கும் நேரத்துக்குள் முடிந்துவிடும். தோட்டா போடும் பெரிய ரைபிளுக்கான ஸ்கோப் ஒரு திசை உதையைத் தாங்குவதற்காகக் கட்டப்பட்டது. முன்னால் வரும் இந்த வெட்டு அதற்குப் பழக்கமில்லை. பெரிய ரைபிளில் வருஷக்கணக்கில் உழைத்த ஸ்கோப்கூட ஸ்பிரிங் ஏர்கன்னில் ஏற்றினால் குறுக்குக்கோடு சாய்ந்து, உள் லென்ஸ் தளர்ந்து போவது இதனால்தான். வாங்குகிற எந்த ஸ்கோப்பாக இருந்தாலும் 'ஸ்பிரிங் ஏர்கன்னுக்குத் தாங்கும்' என்று தயாரிப்பாளரே எழுதியிருக்க வேண்டும். கடைக்காரர் வாய்வார்த்தை போதாது.

ஆனால் உங்கள் விஷயத்தில் ஸ்கோப் உடைந்திருக்கும் என்று நான் நினைக்கவில்லை. ஸ்கோப்பைத் துப்பாக்கியோடு பிடித்து நிறுத்தும் மவுண்ட் நகர்ந்திருக்கும். ஏர்கன்னின் மேல்குழாயில் நீளவாக்கில் இரண்டு பள்ளம் வெட்டியிருப்பார்கள், பெரும்பாலும் 11 மில்லிமீட்டர் அகலம். அதில்தான் மவுண்ட் கடித்துக்கொண்டு நிற்கிறது. தொழிற்சாலையிலிருந்து வரும்போதே அந்தப் பள்ளத்தில் எண்ணெய் பூசியிருக்கும். எண்ணெய் மேல் மவுண்ட்டை முடுக்கினால், ஒவ்வொரு வெட்டுக்கும் தலைமுடி அகலம் பின்னால் நகர்ந்துகொண்டே வரும். நீங்களே இதைப் பார்க்கலாம். ஸ்கோப்பைக் கழற்றாமல் மவுண்ட்டின் பின்விளிம்பை ஒட்டிக் கூர்மையான பென்சிலால் பள்ளத்தின் மேல் ஒரு கோடு போடுங்கள். ஸ்கோப்பைச் சுற்றிப் பிடிக்கும் ரிங்குக்குப் பக்கத்தில் ஸ்கோப் குழாயின் மேலும் ஒரு கோடு. முப்பது நாற்பது ரவை போட்டுவிட்டு வெளிச்சத்தில் பாருங்கள். முதல் கோடு மவுண்ட்டுக்கு அடியில் போயிருந்தால் மவுண்ட் நகர்கிறது. இரண்டாவது கோடு ரிங்கை விட்டு விலகியிருந்தால் ரிங்குக்குள் ஸ்கோப் வழுக்குகிறது. இரண்டு கோடும் அசையாமல் இருந்து குறி மட்டும் ஓடினால்தான் ஸ்கோப்பைச் சந்தேகிக்கலாம்.

மவுண்ட் நகர்கிறது என்றால் எல்லாவற்றையும் கழற்றி, பள்ளத்தையும் மவுண்ட்டின் கடிவாயையும் ஸ்பிரிட் நனைத்த துணியால் துடையுங்கள். துணியில் கறுப்பு வருவது நிற்கும்வரை. இரண்டு தனித்தனி ரிங்கை விட ஒரே துண்டாக வரும் மவுண்ட் ஸ்பிரிங் துப்பாக்கிக்கு மேல். பள்ளத்தைக் கடிக்கும் நீளம் அதிகம். அதன் அடியில் ஸ்டாப் பின் என்று ஒரு சின்ன ஆணி இருக்கும். துப்பாக்கியின் பின்பக்கம் அதற்கென்று ஒரு குழி இருந்தால் ஆணியை அதில் இறக்கிவிட்டுப் பிறகு முடுக்குங்கள். அதோடு மவுண்ட் எங்கும் போகாது. ஸ்க்ரூவை முடுக்குவதில்தான் நம் ஆட்கள் பலத்தைக் காட்டுவார்கள். அலன் கீயின் நீளமான முனையை ஸ்க்ரூவில் செருகி, குட்டைக் காலை இரண்டு விரலால் பிடித்து முடுக்கினாலே போதும். ரிங்கின் நான்கு ஸ்க்ரூவையும் ஒன்றுவிட்டு ஒன்றாகக் குறுக்கே கொஞ்சம் கொஞ்சமாக முடுக்குங்கள். ரிங்கின் மேல்மூடிக்கும் அடிக்கும் இடையே தெரியும் இடைவெளி இரண்டு பக்கமும் ஒரே அளவு இருக்க வேண்டும். ஒரு பக்கம் மூடி, மறுபக்கம் இடைவெளி என்றால் ஸ்கோப் குழாய் நசுங்குகிறது என்று பொருள். நசுங்கிய குழாய்க்கு வைத்தியம் கிடையாது.

எண்ணெய் என்று சொன்னதும் இன்னொன்று. "துப்பாக்கி விறைப்பாக இருக்கிறது" என்று ரவை போடும் ஓட்டையில் தேங்காய் எண்ணெயோ தையல் மெஷின் எண்ணெயோ விடும் பழக்கம் நம் பக்கம் உண்டு. தயவுசெய்து வேண்டாம். பிஸ்டன் அழுத்தும்போது உள்ளே காற்று கடுமையாகச் சூடேறும். அந்தச் சூட்டில் எண்ணெய் பற்றிக்கொள்ளும். டீசல் இன்ஜினில் நடப்பது அதேதான். 'டப்' என்று பெரிய சத்தமும் குழல் வாயில் புகையும் வந்தால், துப்பாக்கிக்குப் பலம் கூடிவிட்டது என்று பையன்கள் சந்தோஷப்படுவார்கள். உண்மையில் சீல் கருகுகிறது, ஸ்பிரிங் முறிய நாள் பார்க்கிறது, ஸ்கோப் இரட்டிப்பு அடி வாங்குகிறது. ரவை இல்லாமல் வெறுமனே விசையை இழுப்பதும் இதே கணக்குதான். முன்னால் தடுத்து நிற்க ரவை இல்லாததால் பிஸ்டன் இரும்போடு இரும்பாக மோதுகிறது.

மவுண்ட்டை ஒழுங்காக உட்கார வைத்த பிறகும் ரவை ரொம்பக் கீழே விழுகிறது, மேல் திருகாணியைத் திருகித் திருகி முடிவுக்கே வந்துவிட்டது என்றால் அதற்கும் காரணம் உண்டு. குழலை மடக்கிக் காற்றேற்றும் துப்பாக்கிகளில் பலவற்றில் குழல் மிக மெல்லிசாகக் கீழ்நோக்கிச் சாய்ந்திருக்கும். ஓபன் சைட்டில் இது தெரியாது, ஏனென்றால் அந்த வகைகளில் முன் சைட், பின் சைட் இரண்டும் பெரும்பாலும் குழலோடு சேர்ந்தே இருக்கும். குழல் சாய்ந்தால் அவையும் கூடவே சாயும். ஸ்கோப் உட்கார்ந்திருப்பது பின்னால் இருக்கும் மேல்குழாயில். அதனால் ஓபன் சைட்டில் சரியாகப் போகும் துப்பாக்கி ஸ்கோப் ஏற்றியதும் கீழே போகிறது. நீங்கள் ஸ்கோப்பைத் திட்டுகிறீர்கள். ஸ்கோப்பின் திருகாணியை ஒரு கோடிக்குக் கொண்டுபோனால் உள்ளே இருக்கும் சின்ன ஸ்பிரிங்குக்கு அழுத்தம் போய்விடும், ஒவ்வொரு உதைக்கும் குறி தானாக அலையும். பின் ரிங்கின் அடியில் புகைப்படச் சுருள் துண்டு மாதிரி மெல்லிசாக ஒன்றை வைத்துப் பின்பக்கத்தைக் கொஞ்சம் உயர்த்தலாம். இதற்கென்றே சாய்வோடு வரும் மவுண்ட்டும் உண்டு. எனக்கு இரண்டாவதுதான் பிடிக்கும், ரிங்கில் குழாய் கோணலாக உட்காராது.

அப்புறம் கிளிக் கணக்கு. ஸ்கோப் பெட்டியில் ஒரு கிளிக்குக்கு (திருகாணியின் ஒரு சொடுக்குக்கு) கால் எம்.ஓ.ஏ. என்று போட்டிருக்கும். எம்.ஓ.ஏ. என்பது ஒரு பாகையில் அறுபதில் ஒரு பங்கு கோணம். நூறு மீட்டரில் அது ஏறக்குறைய ஏழு மில்லிமீட்டர். பத்து மீட்டரில் பத்தில் ஒரு பங்கு, அதாவது ஒரு மில்லிமீட்டர்கூட இல்லை, 0.7 தான். ரவையின் ஓட்டை 4.5 மில்லிமீட்டர். ஒரு ஓட்டை அகலம் நகர்த்தவே ஆறு கிளிக் வேண்டும். மூன்று சென்டிமீட்டர் தள்ளி விழுகிறது என்றால் நாற்பது கிளிக்குக்கு மேல். "நாலு கிளிக் திருப்பினேன், ஒன்றும் ஆகவில்லை, ஸ்கோப் பழுது" என்று திருப்பி அனுப்பப்படும் ஸ்கோப்களில் பாதிக்கு எந்தக் கோளாறும் இருக்காது என்பது என் அபிப்பிராயம். ஒரு ரவையை வைத்துத் திருத்தாதீர்கள். ஐந்து ரவை போட்டு, அந்தக் கொத்தின் நடுவைப் பார்த்துத் திருத்துங்கள். மறுபடி ஐந்து. ஸ்பிரிங் துப்பாக்கியைக் கல்திண்ணை மேல் நேராக வைத்துச் சுடவும் கூடாது; துள்ளிவிடும். உள்ளங்கையைத் திண்ணையில் வைத்து, துப்பாக்கி இறுக்கிப் பிடிக்கப்படாமல் கை மேல் கிடக்கட்டும். ஒரே கம்பெனி ரவையையே போடுங்கள். ரவையை மாற்றினால் குறியும் மாறும்.

சரி, அப்படியும் ஸ்கோப் வாங்கத்தான் போகிறீர்கள் என்றால் பெருக்கத்தை விடப் பாரலாக்ஸை, அதாவது கண் நகர்ந்தால் குறியும் நகர்வதாகத் தெரியும் பிழையை, பாருங்கள். பெரிய ரைபிள் ஸ்கோப் நூறு கெஜத்துக்குச் சரிசெய்து வரும். அதைப் பத்து மீட்டரில் வைத்துப் பார்த்தால், கண்ணைக் கொஞ்சம் இடது வலது நகர்த்தும்போது குறுக்குக்கோடு காகிதத்தின் மேல் ஊர்வது தெரியும். 32 மில்லிமீட்டர் முன் லென்ஸ் உள்ள ஸ்கோப்பில், கண் ஓரத்துக்கே போய்விட்டால் பத்து மீட்டரில் ஒன்றரை சென்டிமீட்டர் வரை பிழை வரலாம். துப்பாக்கி நல்லது, ரவை நல்லது, கை ஆடவில்லை, குறி மட்டும் தள்ளிப்போகிறது என்றால் கன்னம் ஒவ்வொரு முறையும் வேறு இடத்தில் உட்காருகிறது என்று அர்த்தம். முன் லென்ஸையோ பக்கத்துத் திருகையோ திருப்பிப் பத்து கெஜம்வரை கொண்டுவரக்கூடிய ஸ்கோப்பை வாங்கினால் இந்தத் தொல்லை தீரும். ஒன்பது மடங்குப் பெருக்கம் உங்கள் கை நடுக்கத்தையும் ஒன்பது மடங்காகக் காட்டும். பத்து இருபது மீட்டருக்கு நாலு மடங்கு தாராளம். இன்னொரு சின்னக் கணக்கு: முன் லென்ஸின் அளவைப் பெருக்கத்தால் வகுத்தால் கண்ணுக்கு வரும் ஒளி வட்டத்தின் அகலம். 32-ஐ 4-ஆல் வகுத்தால் 8 மில்லிமீட்டர். 40-ஐ 9-ஆல் வகுத்தால் நாலரைகூட இல்லை. அதனால்தான் ஒன்பதில் வைத்தால் படம் இருண்டு, கண்ணைக் கொஞ்சம் அசைத்தாலும் ஓரத்தில் கறுப்பு நிலா தெரிகிறது.

விளக்கு எரிகிற குறுக்குக்கோடு பகலில் வீண். ரெட் டாட் (சிவப்பு ஒளிப்புள்ளியால் குறிகாட்டும் சைட்) கேட்பவர்களுக்கும் சொல்லிவிடுகிறேன்: 1975-இல் ஸ்வீடனின் எய்ம்பாயின்ட் முதல் மின் ரெட் டாட்டைக் கொண்டுவந்தது இரண்டு கண்ணையும் திறந்து வேகமாகக் குறிபார்க்க. மூன்று எம்.ஓ.ஏ. புள்ளி பத்து மீட்டரில் ஒன்பது மில்லிமீட்டரை மறைத்துவிடும். துல்லியம் பழகும் பையனுக்கு அது உதவாது.

பையனின் போட்டிக்கு வருவோம். சர்வதேச விதிப்படி 10 மீட்டர் ஏர் ரைபிளில் தொலைநோக்கி அனுமதி இல்லை. ஏர் பிஸ்டலில் ஓபன் சைட் மட்டும். ரைபிளில் பின்னால் சின்னத் துளை உள்ள அபர்ச்சர் சைட், முன்னால் ஒரு வளையம், அவ்வளவுதான். லென்ஸே இல்லாமல் எப்படி என்று பயப்பட வேண்டாம். காகிதத்தின் நடுவில் இருக்கும் பத்துப் புள்ளி அரை மில்லிமீட்டர்தான், சுற்றியுள்ள கறுப்பு 30.5 மில்லிமீட்டர். அந்தப் புள்ளியை யாருமே பார்த்துச் சுடுவதில்லை. பின் துளை, முன் வளையம், கறுப்பு வட்டம் மூன்றும் ஒன்றுக்குள் ஒன்றாக உட்கார்ந்தால் போதும். வட்டத்துக்குள் வட்டத்தை நடுவில் நிறுத்துவது கண்ணுக்குச் சுலபமான வேலை. கூர்மையாகத் தெரிய வேண்டியது முன் வளையம். கறுப்பு வட்டம் கொஞ்சம் மங்கினால் மங்கட்டும்.

முன் வளையத்தைத் தேர்ந்தெடுப்பதில் பையன்கள் எல்லோரும் ஒரே பக்கம்தான் சாய்வார்கள்: சின்னது துல்லியம் என்று நினைத்து மிகச் சின்னதை மாட்டுவார்கள். கறுப்பைச் சுற்றி வெள்ளை இழையளவு மட்டும் தெரியும். கை இயல்பாக ஆடும் ஒவ்வொரு முறையும் கறுப்பு வளையத்தை முட்டுவது போலத் தோன்றும். மனம் பதறி, "இப்போது" என்று விசையை வெடுக்கென்று இழுத்துவிடும். அவன் ஆட்டம் முழுவதும் அடங்கும் அளவுக்குத் தாராளமான வெள்ளை விட்டுத் தொடங்குங்கள். கை பழகப் பழகக் குறைக்கலாம். பின் துளை கூட்டிக் குறைக்கும் வகையாக இருந்தால் வெளிச்சத்துக்கு ஏற்ப மாற்றலாம், ஆனால் ஒரு சுற்றின் நடுவில் கை வைக்கக் கூடாது.

வெளிச்சம் நம் செட்டிநாட்டு வீடுகளில் பெரிய விஷயம். வேறு ஊரில் பத்து மீட்டருக்கு மொட்டை மாடி தேடுவார்கள். நமக்கு வாசல் முகப்பில் நின்றால், முற்றத்தைச் சுற்றிய வளவைத் தாண்டிப் பின்னால் உள்ள இரண்டாங்கட்டு வரை பார்வை நேராக ஓடும். பழகுவதற்கு அதை விட நல்ல இடம் இல்லை, ஆனால் நடுவில் முற்றம் திறந்திருக்கிறது. காலையில் ஒரு பக்கத்திலிருந்து வெயில் இறங்கும், மதியம் நேராக, மாலையில் மறுபக்கம். கறுப்பு வட்டத்தின் ஒரு ஓரம் வெயிலில் பளிச்சிட்டால் கண் அதைச் சின்னதாகக் காணும்; குறி எதிர்ப்பக்கம் தள்ளிப்போகும். பையன் கிளிக்கைத் திருப்பிக்கொண்டே இருப்பான். போட்டியில் இலக்கின் மேல் குறைந்தது 1500 லக்ஸ் வெளிச்சம் வைப்பார்கள். வீட்டில் அந்த அளவு பார்க்க வேண்டாம். இலக்கை வெயில் படாத உள் தாழ்வாரத்தில் வைத்து, அதன் மேல் ஒரே ஒரு எல்.இ.டி. விளக்கை நிலையாக வைத்துவிடுங்கள்.

தேக்குத் தூணோ கல் நிலையோ பின்னால் இருந்தால் ரவை தெறித்துத் திரும்பும். இலக்குக்குப் பின்னால் கெட்டிப் பலகைப் பெட்டி, அதற்குள் பழைய துணி திணித்து, கடைசியில் இரும்புத் தகடு என்று ஒரு ரவைப்பெட்டி அடித்துக்கொள்ளுங்கள். சுடும் நேரம் பக்கவாட்டு அறைக் கதவுகளைப் பூட்டிவிட வேண்டும். வளவில் அப்பத்தா எந்தக் கதவைத் திறந்துகொண்டு எப்போது வருவார் என்று யாருக்கும் தெரியாது. பக்கத்தில் இருப்பவர்கள் எல்லோருக்கும் பாதுகாப்புக் கண்ணாடி வேண்டும். ரவை ஈயம் என்பதால் சுட்டு முடித்ததும் கை கழுவிவிட்டுத்தான் பலகாரம்.

அவனுக்கு ஒரு சின்ன நோட்டுப் புத்தகம் வாங்கிக் கொடுங்கள். எந்த வளையம், எந்த ரவை, முழுவதும் இறக்கிய நிலையிலிருந்து எத்தனை கிளிக் என்று எழுதி வைக்கட்டும். 2008 பெய்ஜிங் ஒலிம்பிக்கில் அபினவ் பிந்த்ரா இந்தப் போட்டியில்தான் தங்கம் வாங்கினார். இறுதிச் சுற்றுக்கு முன் போட்ட சோதனைச் சுடுதல் வெகுவாகத் தள்ளி விழுந்தது, சைட் இடம் மாறியிருந்தது என்று அவரே பின்னால் சொல்லியிருக்கிறார். இருந்த சில நிமிடத்தில் திருத்திக்கொண்டு, கடைசிச் சுடுதலில் 10.8 போட்டு மொத்தம் 700.5 எடுத்தார். ஒலிம்பிக் ரைபிளுக்கே சைட் நகரும் என்றால் காரைக்குடியிலிருந்து மதுரைக்குப் பஸ்ஸில் போன ரைபிளுக்கு நகராதா? எந்தப் பயணத்துக்குப் பிறகும் முதல் வேலை சைட் திருகுகளைப் பார்ப்பது. (கடலூரில் பிறந்த இளவேனில் வாலறிவன் சுடுவதும் இதே 10 மீட்டர் ஏர் ரைபிள்தான். பையனிடம் சொல்லுங்கள், ஒலிம்பிக் ஒன்றும் எட்டாத தூரமில்லை என்று தோன்றும்.)

போட்டிக்கான ரைபிள் வேறு ரகம், விலையும் வேறு. அதற்கு அவசரப்பட வேண்டாம். இப்போதிருக்கும் துப்பாக்கியின் பள்ளத்தில் மாட்டக்கூடிய சாதாரண அபர்ச்சர் சைட் ஒன்று வாங்கி, ஸ்கோப்பைக் கழற்றிப் பெட்டியில் வைத்துவிடுங்கள். அல்லது ஓபன் சைட்டிலேயே சில மாதம் பழகட்டும். பின் சைட்டை, ரவை எந்தப் பக்கம் போக வேண்டுமோ அந்தப் பக்கம் நகர்த்த வேண்டும். முன் சைட்டை எதிர்ப்பக்கம். இரண்டு சைட்டுக்கும் நடுவே 40 சென்டிமீட்டர் இருந்தால், பத்து மீட்டரில் இரண்டரை சென்டிமீட்டர் திருத்த ஒரு மில்லிமீட்டர் நகர்த்தினால் போதும். சைட்டில் பச்சை, சிவப்பு ஒளி இழை வைத்திருந்தால் இலக்குச் சுடுதலுக்கு அது இடைஞ்சல்; வெளிச்சம் வரும் பக்கம் அதிகமாக மின்னி நடுவை மறைக்கும். உலோக முன் சைட் தேய்ந்து பளபளத்தால் பழைய கைவைத்தியம் ஒன்று: சூடத்தைக் கொளுத்தி அதன் புகைக்கு மேல் சைட்டை ஒரு நொடி காட்டினால் மையிட்டது போல் மங்கலான கறுப்பு ஏறும், கூச்சம் போய்விடும். துப்பாக்கியில் ரவை இல்லை என்பதைப் பார்த்துவிட்டு, எண்ணெயெல்லாம் துடைத்துவிட்டுச் செய்யுங்கள். பிளாஸ்டிக் சைட்டென்றால் பக்கத்தில்கூடக் கொண்டுபோகாதீர்கள்.

உங்கள் கண்ணுக்கு மருந்தும் அதே அபர்ச்சர்தான். நாற்பதைத் தாண்டியதும் கண் லென்ஸ் விறைத்துவிடும். பின் சைட், முன் சைட், இலக்கு மூன்றையும் ஒரே நேரம் காட்ட அதனால் முடியாது. சின்னத் துளை வழியாகப் பார்த்தால் கிட்டத்தில் இருப்பதும் தூரத்தில் இருப்பதும் ஓரளவு ஒன்றாகத் தெளியும். நம்பிக்கை இல்லாவிட்டால் ஒரு விசிட்டிங் கார்டில் குண்டூசியால் துளை போட்டு, கண்ணாடியைக் கழற்றிவிட்டு அதன் வழியாகக் காலண்டரின் பொடி எழுத்தைப் பாருங்கள். கண் டாக்டரிடம் போகும்போது முன் சைட்டுக்கும் கண்ணுக்கும் உள்ள தூரத்தை அளந்துகொண்டு போய், அந்தத் தூரத்துக்கு ஒரு கண்ணாடி எழுதித் தரச் சொல்லலாம். வாசிக்கும் கண்ணாடி அதற்கு உதவாது.

சட்டம் பற்றி ஓரிரு வரி. 2016 ஆயுத விதிகளின்படி .177-க்கு மேற்படாத போரும் 20 ஜூலுக்கு மேற்படாத குழல்வாய் ஆற்றலும் உள்ள ஏர் துப்பாக்கிக்கு லைசென்ஸ் தேவையில்லை. அதைத் தாண்டினால் தேவை. லைசென்ஸ் இல்லை என்பதற்காகக் கொக்கு, கிளி மேல் குறிவைக்கலாம் என்றில்லை. 1972 வனவிலங்குச் சட்டம் காத்து நிற்கிறது. நம் சிவகங்கை மாவட்டத்தில் வேட்டங்குடி சரணாலயத்துக்கு வரும் பறவை மிரளும் என்று கொள்ளுக்குடிப்பட்டிக்காரர்கள் தீபாவளிக்கு வெடியே போடுவதில்லை. அந்த ஊர்ப் பக்கம் ஏர்கன்னோடு போய் நின்றால் போலீஸ் வருவதற்குள் ஊரே வந்துவிடும்.

வீட்டில் லைசென்ஸ் உள்ள இரட்டைக்குழல் இருப்பவர்களும் இதைப் படிப்பார்கள். அதில் சைட் என்று இருப்பது குழல் நுனியில் ஒரு பித்தளை மணி மட்டும். மிளகளவு இருக்கும், திருகுமரையில் நிற்கும். தேர்தல் வரும்போதெல்லாம் ஸ்டேஷனில் ஒப்படைத்துத் திரும்ப வாங்குகிறீர்களே, அப்போது அந்த மணி ஆடுகிறதா, இருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள். வேறு பராமரிப்பு அதற்குக் கிடையாது.

இனி ஈரம். ஐப்பசி, கார்த்திகை மழையில் பூட்டிக் கிடக்கும் வீடுகளில் லென்ஸுக்கு என்ன ஆகும் என்பதற்கு உங்கள் பைனாகுலரே சாட்சி. பொங்கலுக்கும் கல்யாணத்துக்கும் மட்டும் திறக்கும் அறை, காற்றோட்டமில்லாத பெட்டகம், அதற்குள் தோல் உறை. பூஞ்சைக்கு இருட்டும் ஈரமும் அசையாத காற்றும் வேண்டும். தோல் உறை ஈரத்தையும் பிடித்து வைக்கும், தானே தீனியாகவும் ஆகும். துப்பாக்கியையும் உறைக்குள் போட்டு வைக்காதீர்கள், துணியில் சுற்றியும் வைக்காதீர்கள். துருவையும் ஆராயும் மத்திய மின்வேதியியல் ஆய்வகம் காரைக்குடியிலேயே 1953 முதல் இருக்கிறது; நாம்தான் இரும்பை ஈரத்துணியில் சுற்றுகிறோம்.

ஸ்கோப்பை மூடி இறுக்கமான பிளாஸ்டிக் டப்பாவில், சிலிக்கா ஜெல்லோடு வையுங்கள். நிறம் மாறும் மணி வாங்கினால் எப்போது ஈரம் குடித்து முடித்தது என்று தெரியும். நிறம் மாறியதும் வாணலியில் சிறுதீயில் வறுத்தால் பழைய நிறம் திரும்பும், மறுபடி பயன்படுத்தலாம். (அந்த வாணலியைச் சமையலுக்குத் திருப்பிக் கொடுக்காதீர்கள்.) அந்துருண்டை ஈரத்தை உறிஞ்சாது. அரிசியும் பேருக்குத்தான். மாதம் ஒரு முறை வெளியே எடுத்து நிழலில் காற்றாட வையுங்கள், கோடையில் காருக்குள் விட்டுவிட்டுப் போகாதீர்கள். சூரியனை நோக்கி எந்த லென்ஸையும் திருப்ப வேண்டாம். கண்ணும் போகும், உள்ளே இருப்பதும் கருகும்.

துடைப்பதில் வரிசை முக்கியம். முதலில் ரப்பர் குமிழால் ஊதித் தூசியை விரட்டுங்கள். வாயால் ஊதினால் எச்சில் தெறிக்கும். அடுத்து மெல்லிய பிரஷ். கடைசியில்தான் துணி, அதுவும் லென்ஸ் துடைக்கும் துணி அல்லது தாள், ஒன்றிரண்டு சொட்டு லென்ஸ் திரவம் அதில் விட்டு, நடுவிலிருந்து ஓரத்துக்கு வட்டமாக. திரவத்தை நேராக லென்ஸில் விட்டால் ஓரம் வழியாக உள்ளே இறங்கும். வேஷ்டி நுனி எவ்வளவு வெளுப்பாக இருந்தாலும் அதில் மணல் இருக்கிறது. ஜன்னல் கண்ணாடிக்கு அடிக்கும் திரவத்தில் அம்மோனியா இருக்கலாம், லென்ஸ் பூச்சுக்கு ஆகாது. ஸ்கோப்பை மட்டும் ஒருபோதும் பிரிக்காதீர்கள். நல்ல ஸ்கோப்புகளில் பனி படியாமல் இருக்க உள்ளே நைட்ரஜன் நிரப்பி அடைத்திருப்பார்கள். ஒரு திருகைக் கழற்றினாலும் அது போய்விடும்.

ஐயாவின் பைனாகுலர் வேறு கதை. டியூப்லைட் வெளிச்சத்தில் முன் லென்ஸைச் சாய்த்துப் பாருங்கள். பிரதிபலிப்பு ஊதாவாகவோ நீலமாகவோ தெரிந்தால் பூச்சு உள்ள லென்ஸ். வெள்ளையாகவே தெரிந்தால் பூச்சில்லாதது. ஒளி எதிரொலிப்பைக் குறைக்கும் அந்தப் பூச்சை ஸைஸ் கம்பெனியில் ஸ்மக்குலா என்பவர் கண்டுபிடித்தது 1935-இல். பொதுச் சந்தைக்கு அது பரவியதெல்லாம் இரண்டாம் உலகப் போருக்குப் பிறகுதான். வெள்ளைப் பிரதிபலிப்பு என்றால் ஐயா போருக்கு முன்பே வாங்கியிருக்க வாய்ப்பு அதிகம். பழம்பொருள் கடைகள் உள்ள காரைக்குடி முனீஸ்வரன் கோவில் தெருவில் விலை கேட்கப் போவதாக இருந்தால் இதைத் தெரிந்துகொண்டு போங்கள். பழம்பொருள் கடைகளில் பளபளக்கும் பித்தளைத் தொலைநோக்கிகளில் பல அலங்காரத்துக்காக இப்போது செய்யப்படுபவை. உங்களுடையது அப்படியில்லை.

வலை வெளிப்புறக் கண்ணாடியில் இருந்தால் மேலே சொன்ன முறையில் நீங்களே துடைக்கலாம். உள்ளே என்றால் கைவைக்காதீர்கள். பூஞ்சை விடும் அமிலம் கண்ணாடியையே அரிக்கும், அதனால் ரொம்ப நாள் தள்ளிப்போடவும் வேண்டாம். முதலில் அந்தத் தோல் உறையிலிருந்து பிரித்துச் சிலிக்கா ஜெல் டப்பாவுக்கு மாற்றுங்கள், அதன் வளர்ச்சி அங்கேயே நின்றுவிடும். பிறகு சென்னைக்கோ மதுரைக்கோ போகும்போது, கேமரா லென்ஸும் பைனாகுலரும் பழுது பார்க்கும் ஒருவரிடம் காட்டுங்கள். பைனாகுலருக்குள் இரண்டு பக்கமும் பிரிசம் இருக்கிறது. கழற்றிச் சுத்தம் செய்த பிறகு இரண்டு குழலும் ஒரே திசையைப் பார்க்கும்படி மறுபடி கோணம் கட்ட வேண்டும். கொஞ்சம் தவறினாலும் எல்லாம் இரட்டையாகத் தெரிந்து தலைவலி வரும். கொடுக்கும் முன் "கோணம் கட்டித் தருவீர்களா?" என்று கேளுங்கள். "அதெல்லாம் தானா உட்கார்ந்துக்கும் சார்" என்று பதில் வந்தால், பைனாகுலரைக் கையோடு வாங்கிக்கொண்டு வந்துவிடுங்கள்.